யார் கொடுத்த நம்பர்

மயிலம்மாள் ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுக் கடைப்பக்கம் வந்தபோது கணேசமூர்த்தி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. கடைக்குள் நின்றிருந்த இரண்டு பெண்கள் வெங்காயம் பொறுக்குவதை நிறுத்தாமலே காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல மயிலு. இன்னிக்கும் வந்திச்சி."

"ஃபோனா?"

"ஒன் மகளைக் கேட்டுத்தான். காலையில ஒரு மலாய்க்காரன். செத்த முன்ன நம்ம ஆளு ஒருத்தன். நீலா இருக்காளா, நீலாகிட்ட குடுங்கன்னு சிரிக்கிறான். நீ யாருடான்னா வச்சிடுறான்." குரலைத் தாழ்த்துவது போலத் தாழ்த்தினார், ஆனால் வெங்காயக் கூடைவரை அது கேட்டது. "எனக்கென்னம்மா, நான் கடைக்காரன். ஃபோனு அடிச்சா எடுக்கத்தான் வேணும். பொம்பளப் புள்ள, பாத்துக்க லா."

மெரந்தி ரப்பர்த் தோட்டத்தில் வெளியாட்கள் கூப்பிடக்கூடிய ஃபோன் அந்தக் கடையில்தான் இருந்தது. ஆபீஸ் ஃபோனைக் கணக்கெழுதும் கிராணியைத் தவிர யாரும் தொட முடியாது. சாவுச் செய்தி, ஆஸ்பத்திரிச் செய்தி, கல்யாணத் தாக்கல் எல்லாம் கணேசமூர்த்தியின் வாய் வழியாகத்தான் லயத்து வீடுகளுக்குள் வரும். இப்போது மகளின் பெயரும் அந்த வாயில் ஏறிவிட்டது. மயிலம்மாள் கொஞ்சம் நெத்திலியும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், தீபாவளிக்கு முந்தைய மழைக்காலம். கோலா பிலா பக்கத்து மலைகள் பகலிலேயே மறைந்துவிடும். விடியும்போது பால்மரங்களின் பட்டை நனைந்து ஊறியிருக்கும்; காயும்வரை உளியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் குந்தியிருக்க வேண்டும். சில நாள் மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் விழுந்த பாலை மழை கரைத்துவிட்டுப் போய்விடும். அப்படிக் கரைந்த நாட்களில்கூட மயிலம்மாளுக்கு ஒரு தைரியம் இருந்தது. மகள் நீலாவதி டவுன் பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறாள்; அறிவியல் வகுப்பு; நீலச் சட்டை போட்ட மாணவர் தலைவி. அந்த நீலச் சட்டையைத் தேய்க்கும்போது மட்டும் மயிலம்மாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வாள், பால் வாடை ஒட்டிவிடக் கூடாதென்று.

நீலா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்குடி நம்பரு குடுத்த?"

"எந்த நம்பரும்மா?"

"நடிக்காத. கடை நம்பரு. ஆம்பளைங்க ஃபோன் பண்றானுங்க, பேர் சொல்லி."

அரிசியைக் கிளறிய கை நின்றது. பிறகு மறுபடி கிளறியது. "நான் யாருக்கும் குடுக்கலம்மா."

பொய் சொல்பவள் உடனே நிமிர்ந்து பார்ப்பாள், இவள் பார்க்கவில்லை. ஆகவே உண்மை என்று மயிலம்மாள் ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, பார்க்கவில்லை என்பதாலேயே பொய் என்று தோன்றியது. பெண் குளிக்கப் போன நேரத்தில் அவள் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை.

புருஷன் வீரமுத்துவிடம் அவள் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து அவன் இறங்கி வரும் வழியிலேயே கடை இருந்தது.

"படிச்சது போதும்," என்றான் சட்டையைக் கழற்றும்போதே. "செரம்பான் ஃபேக்டரிக்குப் பஸ் வருதில்ல, அதுல ஏறட்டும். மானம் போனப்பறம் சர்ட்டிபிகேட்டு வாங்கி என்ன செய்ய?"

"இருங்க. யாருன்னு தெரியட்டும்."

"தெரிஞ்சா வெட்டுவேன்."

நீலா சுவரோடு சாய்ந்து நின்றாள். தகப்பன் 'படிச்சது போதும்' என்று சொன்னபோது அவள் உதடு வெளுத்ததை மயிலம்மாள் பார்த்தாள். பயமா, குற்றமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். லுக்குட்டில் மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவனாம். அங்கிருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறான். தலையில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, கையில் பளபளத்த தாள் சுற்றிய பெட்டி. லயத்து முனையில் தண்ணீர் பிடித்த பெண்களிடம், "நாலாம் லயம், இருபத்தெட்டாம் வீடு, நீலாவதி வீடு எதுங்க?" என்று கேட்டான். வீரமுத்து அப்போது வீட்டில் இல்லாதது அவன் செய்த புண்ணியம்.

மயிலம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "யாருடா நீ? ஒனக்கு யாரு இந்த வீட்டைக் காட்டுனது?"

"யாரும் காட்டலங்க." அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். "இன்டர்நெட்டுல இருக்கு. போட்டோ, அட்ரஸ், எல்லாம். கூட்டாளி வேணும், வீட்டுக்கு வாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. கம்ப்யூட்டர் கடையில பாத்தேன்."

அவன் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினான். அதைப் பிரித்துப் பார்த்த பெண்கள் உள்ளே துணிக் கரடி ஒன்று இருந்ததாகச் சொன்னார்கள். மயிலம்மாளின் காதில் அதெல்லாம் விழவில்லை. கம்ப்யூட்டர் கடை. அந்த ஒரு சொல்தான் மனசுக்குள் சுழன்றது. மெரந்தித் தோட்டத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பிழைக்கிறவன் ஒருவன்தான்: அவளோடு பால் வெட்டும் பஞ்சாலை அக்காவின் மகன் அர்ச்சுனன். கோலா பிலாவில் சீன முதலாளி, தவுக்கே ஒருவரின் இன்டர்நெட் கடையில் வேலை. போன மாதம் பெருமழையில் பஸ் வராதபோது நீலாவைத் தன் மோட்டாரில் ஏற்றிவந்து இறக்கிவிட்டவனும் அவன்தான். அன்றைக்கு அவனுக்குச் சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எதுக்கு ஏற்றினான்? வழியில் என்ன கேட்டான்? வீட்டு நம்பரை எப்போது பார்த்து வைத்தான்?

பஞ்சாலை அவளுக்குப் பக்கத்து மர நிரை. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருவரும் ஒரே தீம்பார்ப் பகுதியில் பாலுக்காக மரம் வெட்டுகிறவர்கள். நீலா பிறந்த வாரம் மயிலம்மாளின் மரங்களையும் சேர்த்து வெட்டியவள் பஞ்சாலை. அந்த நினைப்பு குறுக்கே வராமலில்லை. வந்ததை மயிலம்மாள் தள்ளிவிட்டாள்.

மறுநாள் விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் பேர் வாசித்து முடிப்பதற்குள் மயிலம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"பஞ்சாலக்கா, ஒம் மகன் செஞ்ச வேலை ஒனக்குத் தெரியுமா?"

"என்ன வேலை?"

"எம் பொண்ணு படத்தையும் அட்ரஸையும் கம்ப்யூட்டர்ல போட்டு ஊர் ஆம்பளைங்களுக்குக் கடை விரிச்சிருக்கான்."

"யாரு, அர்ச்சுனனா? நீ பாத்தியா?"

"வேற யாருக்கு இங்க கம்ப்யூட்டர் தெரியும்? சொல்லு! வேற யாரு மோட்டர்ல ஏத்துனது?"

"மழையில நனையுதேன்னு ஏத்துனான் மயிலு. நீதான காப்பி குடுத்த?" பஞ்சாலையின் குரல் உயரவில்லை. "எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல. ஒனக்குத் தெரியும்."

"எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. யாரையும் தெரியாது."

கூட்டத்தில் யாரோ, "அவன் எப்பவும் ஒரு மாதிரிதான் லா, ஆளோட பேச மாட்டான்," என்றார்கள். அது போதுமானதாக இருந்தது. அன்று மாலை அர்ச்சுனன் வேலை விட்டு வந்தபோது வீரமுத்துவும் இன்னும் மூன்று பேரும் தோட்டத்து வாசலில் மறித்தார்கள். அவன் "நான் இல்ல மாமா, கேளுங்க" என்று சொன்ன வாயில் அடி விழுந்தது. அவன் மோட்டாரைச் சாக்கடையில் தள்ளினார்கள். செய்தி டவுன்வரை போனது. போலீஸ் வந்து கடையைப் பூட்டிவிடுமோ என்று பயந்த தவுக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அந்த வாரமே அர்ச்சுனன் உதட்டுத் தையலோடு ஜொகூருக்குப் பஸ் ஏறினான்.

அவன் போன இரவு நீலா சாப்பிடவில்லை. மயிலம்மாள் அதையும் ஒரு கணக்கில் சேர்த்தாள். அவனுக்காக அழுகிறாளோ?

ஆனால் ஃபோன் நிற்கவில்லை. அர்ச்சுனன் போனபிறகும் கணேசமூர்த்தி ரேடியோவைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தார். லயத்துப் பெண்கள் இப்போது வேறு மாதிரி பேசத் தொடங்கினார்கள்: பையன் போயாச்சு, ஃபோன் நிக்கல, அப்ப பொண்ணேதான். மயிலம்மாளும் பஞ்சாலையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் ஒரு வார்த்தையில்லாமல் மரம் வெட்டினார்கள். முன்பெல்லாம் பஞ்சாலை கொண்டுவரும் வெங்காயச் சட்டினியைத் தொட்டுத்தான் இவள் ரொட்டி இறங்கும். இப்போது பஞ்சாலை தூரத்து மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பசியாறினாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது, தகப்பனோ தாயோ வந்து பார்க்க வேண்டுமென்று.

மயிலம்மாள் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மாணவர் நல விவகாரத்தைப் பார்க்கும் துணைத் தலைமையாசிரியர் அமிர்தலிங்கம், தமிழர். மரியாதையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நீலா சுவரோரம் நின்றாள். மூலையில் ரொஹானா என்ற இளம் மலாய் ஆசிரியை, கணினிக் கழகத்தைப் பார்ப்பவர், தலை குனிந்தபடி இருந்தார்.

"அம்மா, வெளியாளுங்க ரெண்டு மூணு பேரு பள்ளி கேட்டுப் பக்கம் வந்து நிக்கிறானுங்க. மத்த பெத்தவங்க கம்ப்ளெயின் பண்றாங்க. பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன். வேற பள்ளிக்கு மாத்திடலாம். நான் எழுதித் தர்றேன்."

"என் பொண்ணு என்ன சார் தப்பு பண்ணிச்சி?"

"தப்புன்னு சொல்லல. ஆனா ஒரு கை தட்டினா சத்தம் வருமா? இந்த வயசுல பிள்ளைங்க கொஞ்சம் முன்ன பின்ன இருப்பாங்க. நாங்களும் எங்களால ஆனதைச் செஞ்சோம். அதை அப்பவே எடுத்துட்டோம். அதுக்கப்பறமும் ஆளுங்க வந்தா பள்ளி என்ன பண்ணும்?"

மயிலம்மாள் தலையாட்டிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

"எதை எடுத்தீங்க சார்?"

அமிர்தலிங்கம் பேனாவை மூடினார். திறந்தார். "அதாவது... அந்தப் பக்கத்தை."

"எந்தப் பக்கம்?"

அவர் நீலாவைப் பார்த்தார். அது அதட்டும் பார்வை. மயிலம்மாளுக்கு நன்றாகவே தெரிந்தது. மகளின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இவருக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியாது?"

நீலா அழவில்லை. எங்கோ மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "பள்ளிக்கூடம் இன்டர்நெட் போட்டியில சேந்துச்சும்மா. மாணவர் தலைவருங்க எல்லாரையும் போட்டோ எடுத்து, பேரு, பொறந்த நாளு, அட்ரஸு, ஃபோன் நம்பரு எல்லாம் பள்ளிப் பக்கத்துல போட்டாங்க. நீ பள்ளியில சேக்கும்போது குடுத்த நம்பருதான், கடை நம்பரு. அதை எங்க பள்ளிப் பையனுங்க ரெண்டு பேரு காப்பி எடுத்து, நான் எழுதுன மாதிரி அசிங்கமா எழுதி வேற எடத்துல போட்டுட்டாங்க. அதுல ஒருத்தன் டியூட்டிக்கு லேட்டா வந்ததுக்கு நான் பேர் எழுதுனேன். அதுக்கு."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ஃபோன் வர்றதுக்கு முன்னாலயே."

ரொஹானா உடைந்த தமிழும் மலாயுமாகக் குறுக்கே வந்தார். பள்ளிப் பக்கத்தில் உள்ளதை அன்றே அழித்துவிட்டதாகவும், வெளியே பரவியதை அழிக்கத் தனக்கு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். அது இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ, அவருக்கே தெரியாதாம்.

"அந்தப் பையனுங்க யாரு சார்?"

"எச்சரிச்சு விட்டிருக்கோம்மா. பேர் சொல்லக்கூடாது. பரீட்சை எழுதுற பிள்ளைங்க. வெளிய தெரிஞ்சா எதிர்காலம் கெட்டுடும்."

"எம் பொண்ணு பேரு தெரியலாம். வீட்டு நம்பரு தெரியலாம். அவனுங்க பேரு மட்டும் தெரியக்கூடாது." அவள் கத்தவில்லை, கேட்டதைச் சரிபார்ப்பவள்போலச் சொன்னாள். "சார், நாங்க இதுக்கு ஒரு பையனை அடிச்சுட்டோம். வாய் கிழிஞ்சு, வேலை போயி, ஊரை விட்டே போயிட்டான். நீங்க தோட்டத்துக்கு வந்து, அவன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"அதெப்படிம்மா? பள்ளிக்கூடம் அடிக்கச் சொல்லலையே. பள்ளியோட பேரும் பாக்கணும்ல. மேலிடத்துல கேப்பாங்க."

"பள்ளி மாத்த மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "எழுதித் தர்றதா இருந்தா அந்த ரெண்டு பேருக்கு எழுதிக் குடுங்க."

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் மயிலம்மாள் கேட்டாள்.

"அர்ச்சுனனை அடிச்ச அன்னிக்கு ஏண்டி வாயத் தொறக்கல?"

"சார் சொன்னாரு, வீட்டுல சொன்னா ஒன்னயத்தான் படிப்ப நிறுத்துவாங்க, நாங்க பாத்துக்குறோம்னு. அப்பாவும் அதேதான் சொன்னாங்க, படிச்சது போதும்னு. நான் பயந்துட்டேன். அப்பறம் அந்தண்ணன அடிச்சப்பறம்... இன்னும் பயமா போச்சு. சொன்னா எல்லாரும் என்னயக் கொன்னுடுவீங்கன்னு நெனச்சேன்."

மயிலம்மாளுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அணைத்துக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்தாள். புத்தகப் பையைத் தான் கொட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு தடவைகூட 'என்னடி நடந்துச்சு' என்று கேட்கவில்லை. 'யாருக்குக் குடுத்த' என்றுதான் கேட்டிருந்தாள்.

பஞ்சாலை கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். மயிலம்மாள் பின்கட்டு வழியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சாலை முழுவதும் கேட்டாள்.

"அன்னிக்கு எங்க வச்சுச் சொன்ன?"

"பெரட்டுல."

"இப்ப எங்க வச்சுச் சொல்ற?"

மயிலம்மாள் வந்த வழியே திரும்பி நடந்தாள். மறுநாள் பெரட்டில் சொன்னாள். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. "பள்ளிக்கூடமே போடுமா? இது மகளைக் காப்பாத்துறதுக்குச் சொல்ற கதை," என்று அவள் காதுபடவே பேசினார்கள். கணேசமூர்த்தியோ, "பஞ்சாலை ஏதாச்சும் மிரட்டியிருப்பா லா," என்று ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். வீரமுத்து மட்டும் சாக்கடையிலிருந்து அந்த மோட்டாரை இழுத்துக் கழுவி, பஞ்சாலை வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். பஞ்சாலை அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை வெயில் கொஞ்சம் காய்ந்தது. நீலா பள்ளி இல்லாத நாட்களில் தாயோடு பால் எடுக்க வருவாள். ஸ்டோரில் பால் நிறுக்க வரிசை நின்ற நேரத்தில், செம்மண் அப்பிய சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. ரொஹானா இறங்கினார். கூட யாரும் இல்லை.

"யாரிது? எதுக்கு வந்திருக்கு?" வரிசை முணுமுணுத்தது. "பொண்ண வெளியேத்தத்தான்."

அவர் பஞ்சாலை யாரென்று கேட்டார். பஞ்சாலை வாளியைக் கீழே வைத்தாள். ரொஹானா மலாயில் பேசத் தொடங்கினார். வேகமாக, மூச்சு வாங்க. வயதானவர்கள் பலருக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. கணேசமூர்த்தி மொழிபெயர்க்க முன்னால் வந்தார். "நான் சொல்றேன்," என்று நீலா அவரை விலக்கிக்கொண்டு ஆசிரியை பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க டீச்சர், சிக்கு ரொஹானா சொல்றாங்க, நீலாவதி படம், அட்ரஸு, கடை நம்பரு எல்லாத்தையும் இன்டர்நெட்டுல போட்டது அவங்கதான். போட்டிக்காகப் போட்டாங்க. யாரையும் கேக்காமப் போட்டாங்க." அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள். "அதைத் திருடி அசிங்கமா எழுதினது பள்ளிக்கூடத்துப் பையனுங்க. அர்ச்சுனண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பள்ளியில இங்க வர வேணாம்னு சொல்லிட்டாங்க. இவங்களா வந்தாங்க. மன்னிப்புக் கேக்குறாங்க."

ரொஹானா முடித்துவிட்டார். நீலா முடிக்கவில்லை. "இது நான் சொல்றது. எனக்கு மொதல்லயே தெரியும். அண்ணனை அடிக்கும்போதும் தெரியும். படிப்பை நிறுத்திடுவாங்கன்னு நான் சொல்லல."

பஞ்சாலை அவளை உச்சி முதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆசிரியையிடம் அவளுக்குத் தெரிந்த மலாயில் கேட்டாள்: இதையே அந்தத் தவுக்கேயிடம் வந்து சொல்வாயா? ரொஹானா தலையாட்டினார். பஞ்சாலை பால் கறை பிடித்த சட்டையோடு, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல், காரில் ஏறினாள். கதவைச் சாத்தாமல் நீலாவைப் பார்த்து, "நீயும் ஏறு. அங்கயும் ஆளு வேணும் சொல்றதுக்கு," என்றாள். மயிலம்மாளைப் பார்க்கவில்லை.

தவுக்கே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாவம் என்றாராம். ஆனால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தான். அர்ச்சுனன் ஜொகூரிலேயே தங்கிவிட்டான். பள்ளிக்கூடமும் சும்மா இருக்கவில்லை: மாணவர்கள் யாரும் இன்டர்நெட் கடைப் பக்கம் போகக்கூடாது என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். ரொஹானாவை அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றினார்கள். நீலா அதே பள்ளியில், அதே நீலச் சட்டையில் படித்து முடித்தாள். அதெல்லாம் பிறகு.

அன்று கார் போனபின் வரிசை மறுபடி நகரத் தொடங்கியது. பஞ்சாலையின் இரண்டு வாளிகளும் நடுவழியில் நின்றன. யாரும் தொடவில்லை, எல்லோரும் சுற்றிப் போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் பால் உறைந்துவிடும். மயிலம்மாள் தன் வாளிகளை ஓரமாக வைத்துவிட்டு அவற்றைத் தூக்கித் தராசண்டை கொண்டுபோனாள்.

"இது யாரு பாலு?" என்றார் கிராணி, சந்தேகமாக.

"பஞ்சாலக்கா பாலு. அவங்க பேர்ல எழுதுங்க."

கிராணி எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மட்டுக்கும், அந்தப் பெயர்தானா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே, மயிலம்மாள் காலி வாளிகளைக் கழுவக் குழாயடிக்கு எடுத்துப் போனாள்.